மணம் வேண்டாம் என்ற கனகாம்பரம்

அந்தக் காலத்தில், செடி கூப்பிட்டால் காற்று நின்று பதில் சொல்லும். கனகாம்பரத்துக்கு அப்போது மணம் இருந்தது. சாதாரண மணமில்லை. ஒருத்தி அதை வைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினால், கடைசி வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே யாரது என்று கேட்பாள்.

அந்தச் செடியை வளர்த்தவள் பவளாயி. கல்யாணமான மறுவருஷமே புருஷன் போய்விட்டான். வெள்ளைச் சீலையைக் கொடுத்து, முக்காடு போடச் சொல்லி, மூத்தார் வீட்டுப் புழக்கடையைக் காட்டிவிட்டார்கள். பூ வைக்கக் கூடாது, விசேஷத்துக்கு வரக் கூடாது. ஆனால் அந்த ஊர் விசேஷங்களுக்கெல்லாம் பூ அவள் செடியிலிருந்துதான் போயிற்று. வளர்க்க அவள் கை ஆகுமாம், வைக்க அவள் தலை ஆகாதாம். இது என்ன நியாயம் என்று கேட்க ஊரில் ஓர் ஆள் இல்லை. செடிதான் கேட்டது.

உச்சிவெயில் நேராக விழாத இடமாகப் பார்த்து முருங்கை நிழலில் அதை வைத்திருந்தாள் பவளாயி. வேரடியில் தண்ணீர் தேங்கவிட மாட்டாள். சருகைப் பரப்பி ஈரம் காப்பாள். பூத்து முடிந்த கதிரை உடனே கிள்ளிவிடுவாள், பக்கத்தில் புதுக் கிளை வரட்டும் என்று. இந்த வேலைகளுக்கு நடுவேதான் பேச்சு. வேறு யாரோடும் அவளுக்குப் பேச்சில்லை.

"ஊரார் தலைக்கெல்லாம் கட்டிக் கொடுக்கிறாய். நீ ஏன் வைத்துக்கொள்வதில்லை?" என்றது செடி.

"எனக்கு ஆகாது கண்ணு."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

"பூப்பது நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?"

பவளாயி சிரித்துவிட்டாள். முக்காடு போட்ட பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சிரித்த தைரியத்தில் ஒரே ஒரு கதிரைக் கொண்டையில் செருகி, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

வாசற்படி தாண்டவில்லை. மூத்தார் மனைவி நாச்சக்கா மூக்கைச் சுளித்தாள். "யாரு பூ வெச்சிருக்கறது?" என்று கேட்டுக்கொண்டே வந்து, முக்காட்டை விலக்கி, பூவைப் பிடுங்கி எறிந்தாள். இன்னொரு தரம் இந்த வாசம் வீட்டுக்குள் வந்தால் செடியை வேரோடு பிடுங்கிவிடுவதாகவும் சொன்னாள்.

அதன்பின் பவளாயி தண்ணீர் ஊற்றினாள், கதிர் கிள்ளினாள், ஒரு வார்த்தை பேசாமல் போனாள். பேசினால் சிரிப்பு வரும், சிரித்தால் ஆசை வரும், ஆசை வந்தால் செடி போய்விடும் என்ற பயம். தேனீக்கள் நாள் முழுக்க மொய்த்தும் செடிக்கு ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது.

அது காற்றைக் கூப்பிட்டு, தன் மணத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது.

காற்று பதறிப்போயிற்று. மணம் போனால் தேனீ திரும்பிப் பார்க்காது, சாமி மாலையில் சேர்க்க மாட்டார்கள், அப்புறம் உன்னைத் தேடி யார் வருவார்கள் என்று கேட்டது.

"தேடி வந்தவர்களில் எனக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார், சொல் பார்ப்போம்" என்றது செடி.

காற்று, கொஞ்சமாவது வைத்துக்கொள் என்று கெஞ்சிப் பார்த்தது.

"கொஞ்சம் இருந்தாலும் நாச்சக்கா மூக்குக்குத் தெரிந்துவிடும்."

காற்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மலைப்பக்கம் போயிற்று.

மறுநாள் தேனீக்கள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன. பவளாயி குனிந்து முகர்ந்தாள். நோய் என்று நினைத்து வேரடியைக் கிளறினாள், இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடினாள்.

"எனக்கு ஒன்றுமில்லை. வைத்துக்கொள்" என்றது செடி.

அவளுக்குப் புரிந்தது. ஒரு சாண் கட்டி, முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, நாச்சக்காவுக்குப் பக்கத்திலேயே நின்று களி கிண்டினாள். நாச்சக்கா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி, இன்னைக்கு நெட்டுக்குத்தா நிக்கற?"

"முதுகு புடிச்சிருக்குதுங்கக்கா."

பூவும், அவள் திரும்பப் புழக்கடைக்கு வரும்வரை வாடாமல் இருந்துகொடுத்தது. அதோடு காற்று சொன்னது பலித்த மாதிரி, செடியை எல்லாரும் மறந்தார்கள். சாமிக்கு ஆகாது என்றார்கள். முருங்கை நிழலில் அது தனியாகப் பூத்தது. அந்தி நேரத்தில் ஒருத்தி மட்டும் வந்து போனாள்.

சில வருஷம் கழித்து நாச்சக்காவின் புருஷனும் போனான். அவளுக்கும் வெள்ளைச் சீலை வந்தது, அவளுக்கும் முக்காடு.

அன்று சாயங்காலம் காற்று திரும்பி வந்தது. இனி மோந்து பார்த்து விரட்ட ஆளில்லை, மணத்தைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டது. செடிக்கு ஆசைதான். தேனீக்களின் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. சரி என்று சொல்ல வாயெடுத்தபோது புழக்கடைக் கதவு திறந்தது. வந்தவள் நாச்சக்கா. செடியைப் பார்க்கிறாள், சுற்றுமுற்றும் பார்க்கிறாள், கையை நீட்டுகிறாள், மடக்கிக்கொள்கிறாள்.

"இவளுக்கா? பிடுங்கி எறிந்தவளுக்கா?" என்று செடி, முருங்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பவளாயியிடம் சண்டைக்கு வந்தது.

"அவளுக்குந்தான்" என்றாள் பவளாயி. கட்டி வைத்திருந்த சரத்தில் பாதியைத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நாச்சக்கா அதை எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழே, ஆளுக்கொரு முக்காட்டுக்குள் ஆளுக்கொரு சரத்தோடு, ஒருத்தியிடம் ஒருத்தி அதைப் பற்றி ஒரு சொல் பேசாமலே இருவரும் காலத்தைக் கழித்தார்கள்.

அந்தச் சாயங்காலம் காற்று இன்னும் காத்திருந்தது. ஊரில் இன்னும் எத்தனையோ மூக்கு இருக்கிறது என்று சொல்லி, செடி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அன்று முதல்தான், எவ்வளவு நெருங்கி நின்றாலும், ஒரு பெண் கனகாம்பரம் வைத்திருக்கிறாளா இல்லையா என்று மோந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடிவதில்லை.