முள்ளெலிக் குட்டிகளுக்குக் காவல் இருந்த மூவர்

நெட்டூரணியில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவர் சுயம்பு, நடுவில் ஆவுடை, கடைசி பிச்சாண்டி. மூவருக்கும் சேர்த்துக் கடவுள் ஒரே ஒரு மூளையைத்தான் கொடுத்திருந்தார். அது யாரிடம் இருக்கிறது என்பதில் மட்டும் இன்றுவரை முடிவு ஏற்படவில்லை.

ஊரில் ஒருவரும் இவர்களிடம் ஒரு துரும்பைக்கூட நம்பி ஒப்படைப்பதில்லை. பின்னே? காற்றில் அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன கோயில் விளக்கை, எரிய எரியத் துணி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய ஆட்கள். விளக்கு அணையவில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. பீரோவும் சாயங்காலம்வரை அணையவில்லை.

எதிர்வீட்டு எஸ்தர் டீச்சருக்கு வேறு வழியில்லை. அவர் வளர்க்கும் முள்ளெலி ராணி, முந்தாநாள்தான் நாலு குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத, சுண்டுவிரல் நீளக் குட்டிகள். டீச்சருக்கோ நாகர்கோவிலில் தங்கச்சி கல்யாணம். தெருவில் மற்றவர்கள் எல்லாம் முள் குத்தும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"சுயம்பு அண்ணாச்சி, நல்லா கேட்டுக்கிடுங்க. குட்டிய கையால தொடவே கூடாது. மனுச வாடை பட்டா தாயே குட்டியத் தின்னுரும். ஆம்பள கிட்ட போகக் கூடாது, அதான் ராணியோட சோடி ராஜாவத் தனிக் கூண்டுல போட்டிருக்கேன். சத்தம் ஆகாது. குட்டி வெளிய உருண்டு வந்தா கரண்டியால அள்ளி உள்ள விட்டுருங்க. நாலும் உசிரோட இருக்கணும். உங்களத்தான் நம்பிப் போறேன்."

டீச்சர் பஸ் ஏறிய பிறகும் சுயம்பு அசையவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நம்மளையும் ஒரு ஆள் நம்பிட்டாவலே. உசிரக் குடுத்தாவது காப்பாத்தணும்."

முதல் சிக்கல் வாசற்படியிலேயே வந்தது.

"ஆம்பள கிட்ட போகக் கூடாதுன்னாவ. நாம யாருண்ணே?" என்றார் ஆவுடை.

மூவரும் யோசித்தார்கள்.

"அப்பா நம்மள ஆம்பளப் பிள்ளைங்கன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாரு," என்றான் பிச்சாண்டி தயங்கியபடி.

அப்பா பொய் சொல்கிற மனிதர் இல்லை. ஆகவே கொடியில் காய்ந்த டீச்சரின் சேலைகள் மூன்றையும் எடுத்துச் சுற்றிக்கொண்டார்கள். சுயம்புவின் முறுக்கு மீசை மட்டும் இடித்தது. அவர் முக்காட்டை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டார். முள்ளெலி ஏதாவது கேட்டால் சளி என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானமானது.

உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு குட்டி பெட்டியை விட்டு வெளியே உருண்டு கிடக்கிறது. பிச்சாண்டி கரண்டியோடு பாய்ந்தான். ஆவுடை அவன் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"கரண்டிய எதால பிடிச்சிருக்க?" என்று கிசுகிசுத்தார்.

"கையாலதான்."

"கை வாடை கரண்டிக்கு வரும். கரண்டி வாடை குட்டிக்கு வரும். தாய் தின்னுரும். கொலைகாரப் பயலே!"

"அப்ப இந்தக் கரண்டிய இன்னொரு கரண்டியில கட்டிப் பிடிச்சா?"

"வாடை அதுலயும் நடந்து வரும்லா? வாடை எம்புட்டுத் தூரம் நடக்கும்ணே?"

சுயம்பு முக்காட்டுக்குள் வெகுநேரம் கணக்குப் போட்டார். "பக்கத்துத் தெருல சாம்பார் தாளிச்சா நமக்கு மணக்குது. அப்ப ஒரு தெரு நீளம் வேணும்."

வீடு வீடாகப் போய்க் கரண்டி வாங்கினார்கள். சேலை கட்டிய சுயம்பு வாசலில் நின்று கேட்டதும், எல்லோரும் பேச்சு மூச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். சாம்பார் கரண்டி, தோசைக் கரண்டி, ஜாரணி எல்லாவற்றையும் வாலோடு தலையாகக் கட்டி, பெட்டியருகே தொடங்கி ஜன்னல் வழியே தெருமுனைவரை நீட்டினார்கள். தெருவில் அன்று மத்தியானம் ஒரு வீட்டிலும் குழம்பு கிண்டவில்லை.

தெருமுனையில் சுயம்பு கடைசிக் கரண்டியைப் பிடித்தார். பிச்சாண்டி ஜன்னலில் நின்று கையை ஆட்டுவான். நடுவழியில் ஆவுடை அதைப் பார்த்துத் தானும் ஆட்டுவார். அதைப் பார்த்து சுயம்பு தள்ளுவார். ஒரு தள்ளுக்குத் தெரு முழுக்கக் கடகடவென்று சத்தம். மூவரும் அவரவர் இடத்திலிருந்து கரண்டிகளைப் பார்த்து "உஷ்" என்றார்கள்.

ராணிக்கு இந்தக் கூத்தைப் பார்த்துப் பொறுமை போய்விட்டது போலும். பெட்டியிலிருந்து வந்தது. குட்டியை வாயில் கவ்வியது. உள்ளே போய்விட்டது.

பிச்சாண்டி தெருமுனைக்கு ஓடினான்.

"அண்ணே, தின்னுட்டா."

"எத?"

"குட்டிய. முள்ளோட."

சுயம்பு அப்படியே தெருமுனையில் உட்கார்ந்துவிட்டார். ஆயுசில் தங்களை நம்பியது ஒரே ஒரு ஆள், அவருக்கும் துரோகம் செய்தாகிவிட்டது. உண்மையிலேயே பாவமாக இருந்தது. மூவரும் டீச்சர் வீட்டு முற்றத்துக்கு வந்து ஒப்பாரி வைத்தார்கள். சத்தம் ஆகாதே, அதனால் வாயை மட்டும் திறந்து மூடினார்கள். மார்பில் அடித்தால் ஓசை வரும் என்று, நெஞ்சுக்கு ஒரு சாண் முன்னாலேயே காற்றில் அடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் திரும்பிய டீச்சர், தன் சேலையில் மூன்று பேர் காற்றை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பதறிப்போய் உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்தார்.

"அண்ணாச்சி! நாலும் பால் குடிச்சிக்கிட்டுல்லா கெடக்கு!"

சுயம்பு வந்து குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். முக்காட்டை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தின்னவளுக்கு மனசு கேக்கல டீச்சர். திரும்பப் பெத்துட்டா."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்த டீச்சர், மூன்று சேலைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"நீங்க காவல் இருந்ததாலதான் அண்ணாச்சி," என்றார்.

மூவரும் நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் பிச்சாண்டி நின்றான்.

"அண்ணே, ரெண்டாந்தடவ பெத்தது நல்லா தெளிவா இருந்துச்சு, பாத்தியளா? நம்ம அம்மையும் நம்மள ஒருதரம் தின்னுட்டுப் பெத்திருந்தா, நமக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கும்லா?"

சுயம்பு யோசித்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"அம்மையக் குத்தம் சொல்லாதலே. அவ சுத்த சைவம்."