கரிச்சான் மூச்சு வாங்கும் இடம்

அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் கூடிப் பேசித் திரிந்த நாளில், காட்டிலேயே நல்ல குரல் வௌவாலாருக்குத்தான். சிரிக்காதீர்கள், நிஜம். பட்டப்பகலில் இலுப்பை மரத்து மேல்பொந்தில் இருந்துகொண்டு பாடுவார். குரல் கெட்டுவிடுமாம், பனியில் தலைகாட்ட மாட்டார். பூவின் தேனில்தான் தொண்டையை நனைப்பார். அவ்வளவு பவுசு.

கீழ்ப்பொந்தில் குண்டுகரிச்சான் குருவிக் குடும்பம் இருந்தது. அந்தக் கரிச்சானுக்குப் பாட்டே வராது, 'கிர்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும்.

ஒரு கோடையில் மூங்கில் உரசிக் காடு பற்றிக்கொண்டது. புகை மரத்தைச் சூழ்ந்தது. கரிச்சான் பதறியடித்து மேலே வந்தது.

"அண்ணே, பிள்ளைகள் இன்னிக்குத்தான் முதன்முதலா பறக்கணும். புகையில கண்ணு தெரியல. என் சத்தம் அவங்களுக்குக் கேக்கல. நீங்க முன்னால பாடிக்கிட்டே போனா, குரலைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவாங்க."

வௌவாலார் புகையைப் பார்த்தார். இந்தப் புகையில் வாய் திறந்தால் குரல் மிஞ்சாது. திறக்காவிட்டால் ஒரு குஞ்சும் மிஞ்சாது.

"வரச்சொல்லு," என்று பறந்துவிட்டார்.

ஆற்றின் அக்கரை வரை பாடினார். நடுநடுவே இருமல் வந்து அடைத்தது. நிறுத்தி மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். குஞ்சுகள் எல்லாம் பிழைத்தன. ஆனால் அவர் குரல் யார் காதிலும் விழாத அளவுக்கு இழையாகத் தேய்ந்துபோனது.

அக்கரை நாவல் மரத்தில் இரண்டு வீட்டாரும் குடியேறினார்கள். வௌவாலார் வெட்கப்பட்டு, இருட்டிய பிறகே வெளியே போனார். யார் முகத்திலும் விழிக்காமல், விடியுமுன் திரும்பினார்.

ஒருநாள் அப்படித் திரும்பியபோது வாசலிலேயே நின்றுவிட்டார். தன் பாட்டு கேட்டது. கீழ்க்கிளையில் கரிச்சான் பாடிக்கொண்டிருந்தது. தட்டுத்தடுமாறித்தான், ஆனாலும் அதே பாட்டு.

"ஏம்ப்பா நடுவுல நடுவுல நிறுத்துற?" என்று கேட்டது ஒரு குஞ்சு.

"அங்கதான் உங்க பெரியப்பா மூச்சு வாங்கினாரு. அந்த மூச்சுலதான் நீங்க எல்லாரும் இருக்கீங்க. அதை விட்டுட்டுப் பாட மனசு வருமா?"

வௌவாலாருக்குக் கண் நிறைந்தது. போனது போகவில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது. 'நல்லா இருடா தம்பி' என்று வாய்விட்டுச் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன?

அன்று முதல்தான், வௌவால் வீடு திரும்பும் விடியலில், மற்ற பறவைகள் கண்விழிக்குமுன் கரிச்சான் பாடுகிறது. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறது. வௌவாலும் காதை அகல விரித்து, முழுப்பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறது.