முட்புதருக்குள் ஒளிந்த கீரி

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு கீரி வாழ்ந்து வந்தது. அடுத்தவர் கூட்டில் முட்டை திருடுவது அதன் வழக்கம். தின்று முடித்தபின் வருந்துவதும் அதன் வழக்கம்.

ஒரு நாள் காட்டுக்கோழி ஒன்று, காலியான தன் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதது. அதைப் பார்த்த கீரிக்கு நெஞ்சு கனத்தது. நேரே கோழியின் முன்னால் போய் நின்றது.

"அக்கா, உன் முட்டைகளைத் தின்றது நான்தான். இனிமேல் தொடமாட்டேன். சத்தியம்!"

சில வாரங்களில் கோழி மறுபடி ஐந்து முட்டைகள் இட்டு அடைகாத்தது.

கீரி அந்தப் பக்கமே போகாமல் சுற்றி நடந்தது. ஆனால் ஒரு மத்தியானம் காற்று திசை மாறி வீசியது. முட்டை வாசனை மூக்கில் ஏறியது. கோழி இரை தேடப் போயிருந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் ஒரு முட்டை கீரியின் வயிற்றுக்குள் போய்விட்டது.

வெட்கம் தாங்காமல் கீரி ஓடிப்போய்க் காரைமுள் புதருக்குள் ஒளிந்துகொண்டது.

அங்கே ஒரு நரி வந்தது. தந்திரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை.

"தம்பி, எதற்கு உன்னையே வருத்திக்கொள்கிறாய்? நீ திருடன். நாளைக்கும் திருடன்தான். சத்தியத்தை மீறியாகிவிட்டது. இனி ஒன்று தின்றால் என்ன, ஐந்து தின்றால் என்ன? வா, மீதியைப் பங்கிட்டுக்கொள்வோம்."

கீரிக்கு அது நியாயமாகவே பட்டது. எழப்போனது. அப்போது தரை அதிர்ந்தது. காட்டின் தலைவரான யானையார் வந்துகொண்டிருந்தார். நரி மெல்ல நழுவியது.

'என்னை மிதித்துக் கொல்லத்தான் வருகிறார்' என்று கீரி இன்னும் உள்ளே ஒடுங்கியது.

யானையார் துதிக்கையை முட்களுக்குள் நீட்டினார். முட்கள் கிழித்தன. ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கீரியின் முதுகில் விழுந்தது. அவர் துதிக்கையை இழுத்துக்கொள்ளவில்லை. கீரியை மெதுவாக எடுத்து வெளியே விட்டார்.

"ஐயா, உங்களுக்கு ரத்தம் வருகிறதே!"

"நீ உள்ளே இருந்தாய். வேறு எப்படி எடுப்பது?"

"நான் சத்தியத்தை மீறிவிட்டேன், ஐயா."

"தெரியும். தெரிந்துதான் தேடி வந்தேன்."

அவர் கீரியைக் கோழியிடம் அழைத்துப் போனார். கீரி தலைகுனிந்து உண்மையைச் சொன்னது. கோழி வெகுநேரம் அழுதது.

"அம்மா, நீ இரை தேடப் போகும்போது பாம்பு வரலாம். மீதி நான்கு முட்டைகளுக்கும் இவன் காவல் இருக்கட்டுமா?" என்று யானையார் கேட்டார்.

கோழி அவருடைய கிழிந்த துதிக்கையைப் பார்த்தது. "சரி, ஐயா. இவனை நம்பி அல்ல, உங்களை நம்பிச் சம்மதிக்கிறேன்."

கீரி பின்வாங்கியது. "வேண்டாம், ஐயா! வாசனை என்னை இழுக்குமே!"

"இழுக்கும். அப்போது என்னைக் கூப்பிடு."

மறுநாளே இழுத்தது. கீரி கூப்பிட்டது. யானையார் வந்து பக்கத்தில் நின்றார். அதற்கடுத்த நாளும் இழுத்தது. மறுபடி கூப்பிட்டது. மறுபடி வந்தார்.

ஒன்பதாம் நாள் அவர் ஓடைக்கு அப்பால் இருந்தார். நரி அந்த நேரம் பார்த்து வந்தது.

"தம்பி, தினமும் கூப்பிட்டால் யாருக்குத்தான் சலிக்காது? இன்று அவர் வரமாட்டார்."

கீரியின் வாயில் எச்சில் ஊறியது. ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. பாதம் முட்டையின்மேல் பட்டுவிட்டது.

"பார்த்தாயா? தொட்டுவிட்டாய். இனி எந்த முகத்தோடு கூப்பிடுவாய்?" என்று நரி சிரித்தது.

கீரிக்கு உடம்பெல்லாம் கூசியது. முட்டைமேல் வைத்த பாதத்தை எடுக்கவும் அதற்கு வலுவில்லை. அப்படியே நின்றபடி, "ஐயா, என்னைக் காப்பாற்றுங்கள்!" என்று கத்தியது.

ஓடைத் தண்ணீர் சிதற யானையார் ஓடிவந்தார். நரி ஒரே ஓட்டமாக ஓடி மறைந்தது.

"தொட்டுவிட்டேன், ஐயா," என்று கீரி விம்மியது.

"கூப்பிட்டாயே, அதுதான் எனக்கு வேண்டும்," என்று சொல்லி, அந்தப் பாதத்தை அவர் துதிக்கையால் மெதுவாகத் தூக்கி எடுத்தார்.

மறுவாரம் நான்கு முட்டைகளும் பொரிந்தன. தாகத்தில் வாடியிருந்த கோழி, குஞ்சுகளைக் கீரியின் பக்கம் தள்ளிவிட்டு, "தம்பி, பார்த்துக்கொள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்," என்று சொல்லிவிட்டு ஓடைக்குப் போனது.

நீதி: பாவத்தோடு போராடித் தோற்றவரும், தோற்ற இடத்திலிருந்தே கூப்பிட்டால், அவருக்காக ரத்தம் சிந்திய ஆண்டவர் ஓடிவந்து தூக்குவார்.