‘மூடு’ என்ற மண்

மண்ணுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மாடும் கோழியும் பேசியதைப் போல அதுவும் மனிதரோடு பேசியது. பசித்தால் எரு கேட்கும். ஏர் ஆழமாகக் குத்தினால் "மெதுவாப்பா" என்று அதட்டும். அப்படியானால் அன்றைய சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, குழப்பமே இருந்திருக்காது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கரிசல்காட்டில் இருளப்பனும் அவன் மனைவி மாடத்தியும் இருந்தார்கள். ஒரு வருஷம் முதல் மழையை நம்பி, வீட்டிலிருந்த கடைசி விதைச்சோளத்தையும் விதைத்துவிட்டார்கள். முளைத்தது. அடுத்த மழை வரவில்லை. சாண் உயரப் பயிர் சுருளத் தொடங்கியது. அது போனால் உலை வைக்க வழியில்லை. மறுவருஷம் விதைக்கவும் ஒரு மணி கிடையாது.

வெயிலில் மண்ணுக்கு நா வறண்டுபோனது. சொற்கள் ஒவ்வொன்றாக மறந்து, ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. வெடிப்பு வெடிப்பாக வாயைத் திறந்து அதையே சொன்னது.

"மூடு... மூடு..."

இருளப்பன் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறவன். தன் வாயைத்தான் மூடச் சொல்கிறது என்று நினைத்து மூன்று நாள் வாய் திறக்கவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. பயிர்தான் இன்னும் வாடியது. நாலாம் நாள் கதவை மூடினான், பானைகளை மூடினான், கோழியைப் பிடித்துப் பஞ்சாரத்தைப் போட்டு மூடினான்.

"நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று உள்ளிருந்து கோழி கேட்டது.

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு இருளப்பன் சோளக்காட்டுக்கு ஓடினான். "என்னத்தத்தான் மூட? வெளங்கச் சொல்லேன்!"

"மூடு" என்றது மண்.

மறுநாள் காலையில் அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். "காட்டுல ஒரு மூல செத்துப்போச்சு மாடத்தி. சத்தமே இல்ல."

மாடத்தி பதறிக்கொண்டு போனாள். பஞ்சாரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த கோழியும் பின்னால் ஓடியது. அந்த மூலை, உழவுமாடு மயிலை நின்று தீனி தின்ற இடம். பழைய சோளத்தட்டையைத் தின்றது பாதி, சிந்தியது பாதி. அவள் தட்டையை விலக்கிப் பார்த்தாள். அடிமண் ஈரமாக, சில்லென்று இருந்தது. ஒரு மண்புழு நெளிந்தது.

"யாரது? மூடுங்க, வெயில் அடிக்குதுல்ல!" என்றது.

அந்த இடத்தில் நின்ற நாலு பயிரும் வாடவே இல்லை. மண் தன்னைத்தான் மூடச் சொல்லியிருக்கிறது என்று மாடத்திக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் காடு முழுவதும் மூட வேண்டுமானால் போராகக் குவித்த படப்பில் இருந்த தட்டை அத்தனையும் வேண்டும். அது மயிலையின் கோடைத் தீனி.

"அத வெயிலுக்குக் குடுத்துட்டா நான் என்னத்தத் திங்க?" என்று மயிலை கேட்டது.

"பயிரு போனா உனக்கும் இல்ல, எங்களுக்கும் இல்ல. பொழச்சா புதுத் தட்ட மொதல்ல உனக்குத்தான்."

மயிலை படப்பையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சம்மதமா கோபமா என்று தெரியாமலே மாடத்தி முதல் கட்டைப் பிரித்தாள். மனசு கேட்கவில்லை, ஆனாலும் பிரித்தாள்.

வரிசைக்கு நடுவே பரப்பப் பரப்ப, மூடிய இடமெல்லாம் அமைதியானது. "மண்ணு மூச்ச அடைக்கிறியோ?" என்று இருளப்பன் பயந்தான். கடைசியாக ஒரு சாண் இடம் பாக்கி. அதற்குள் ஈரம் ஊறி நாக்கு கொஞ்சம் அசைந்ததோ என்னவோ, மண் புதிதாக ஒரு சொல்லை எடுத்தது.

"நல்லா—"

சொல்லி முடிக்குமுன்னே மாடத்தி கையில் இருந்த தட்டை அதன்மேல் விழுந்துவிட்டது.

அதன்பிறகு மண் பேசவே இல்லை. இருந்த ஈரம் காயாமல் நின்றது. களைக்கு எட்டிப் பார்க்க இடமில்லை. தாமதமாக ஒரு மழை வந்தபோது, துளிகள் மண்ணை அறையாமல் தட்டையில் விழுந்து உள்ளே இறங்கின. சோளம் ஆள் உயரம் வளர்ந்து கதிர் வைத்தது. புதுத் தட்டையில் முதல் கட்டு மயிலைக்குப் போனது. அது ஒரு துரும்பு சிந்தாமல் தின்றது.

"நல்லா இருன்னு வாழ்த்த வந்துச்சு" என்றாள் மாடத்தி.

"நல்லாச் செஞ்ச போன்னு திட்ட வந்துச்சு. அதான் பேச்சு வார்த்த இல்ல" என்றான் இருளப்பன்.

இருவரும் சாப்பிடாமல்கூடச் சண்டை போட்டார்கள். சாப்பாடு இருந்தது என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். பொறுக்க மாட்டாமல் கோழி, "இருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று காட்டுக்குப் போனது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், மானாவாரிக் காட்டில் தட்டையும் சருகும் பரப்பி மூடாக்குப் போடுகிற வழக்கம். மண் அதன் அடியில் பேசாமல் கிடக்கிறது. கோழி மட்டும் மூடாக்கை எங்கே கண்டாலும் காலால் கிளறிவிட்டு, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கேட்டுக்கொண்டே நிற்கிறது.