முன்பக்கமாக வந்த மேஸ்திரி

காட்டுக் குளத்தின் கரையில் வெடிப்பு விழுந்திருந்தது. யானை நுழைந்து போகிற அளவு வெடிப்பு என்று காக்கைகள் சொல்லின. காக்கைகள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். குட்டி யானை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு நான்கே நாள். அதற்குள் அடைக்காவிட்டால் கரை உடையும், குளம் வெறும் பள்ளமாகும். கரைப் பொந்தில் மூன்று குட்டிகளை வைத்திருந்த நீலவேணி என்ற நீர்நாய்தான் வேலைக்கு மேஸ்திரி.

மேட்டில் களிமண் தோண்டுவது சிலும்பன் என்ற முள்ளம்பன்றி. அவன் தோண்டினால் பாறையே பயந்து நகர்ந்து வழிவிடும். அப்படி ஒரு வேலைக்காரன்! ஆனால் தோண்டிய மண்ணை வாங்கக் காட்டுப்பன்றிகள் பின்னால் போனால், சர்ரென்று முள்ளை விரித்து ஒரே இடி!

இரண்டாம் நாள் மதியத்துக்குள் மூன்று பன்றிகளின் மூக்கில் முள் ஏறியது. வேலை நின்றது.

"அவன் இருந்தா நாங்க இல்லை, அக்கா!" என்றது கட்டையன் என்ற பன்றி.

"போயேன்! உன்னை யார் கூப்பிட்டது?" என்றான் சிலும்பன்.

"துரத்திவிடு நீலவேணி! இதற்கெல்லாம் யோசிப்பார்களா?" என்று கிளையிலிருந்து குரங்கு யோசனை சொன்னது. மண் சுமக்கத்தான் அதற்கு இடுப்பு வலி. யோசனை சொல்ல இல்லை.

நீலவேணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். சிலும்பன் போனால் தோண்ட ஆளில்லை. பன்றிகள் போனால் சுமக்க ஆளில்லை. எப்படிப் போனாலும் குட்டிகளுக்குக் குளமில்லை.

அவள் கத்தவில்லை. ஒரு மீனைக் கடித்தபடி உட்கார்ந்து சிலும்பனையே பார்த்தாள். பின்னால் ஒரு சருகு விழுந்தது. அதற்கும் முள்ளை விரித்தான்! முன்னால் பட்டாம்பூச்சி பறந்து வந்தது. மூக்கில் உட்காரும்வரை அவனுக்குத் தெரியவேயில்லை.

அவள் எழுந்து, சுற்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"சிலும்பா, நான் நீலவேணி. உன் முன்னால்தான் நிற்கிறேன். பகலில் உனக்குக் கண் சரியாகத் தெரியாதா?"

"மெதுவாகப் பேசு! குரங்குக்குக் கேட்டால் காடு முழுக்கச் சொல்லிவிடும்!" என்று முனகினான் அவன். "பின்னால் சத்தம் கேட்டால் பன்றியா புலியா என்று எனக்கு எப்படித் தெரியும்? விசாரித்துவிட்டு முள்ளை விரிப்பதற்குள் புலி என்னைத் தின்றுவிட்டுப் பல்லும் குத்தியிருக்கும். அதுவும் என் முள்ளாலேயே!"

நீலவேணி சிரிப்பை விழுங்கினாள். "சரி. நீ மேட்டுக்கு அந்தப் பக்கம் போ. முதுகுப் பக்கம் பாறை, முகம் எங்களைப் பார்த்து. மண் வாங்க வருகிறவர் பெயர் சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் அந்த மூன்று மூக்கிலும் இருக்கிற முள்ளை நீதான் பிடுங்கவேண்டும்."

"நானா? அவன்களுக்கா? முடியாது!"

"முடியாதென்றால் இப்போதே வீட்டுக்குப் போ. இடத்தை மாற்றிக் கொடுப்பது என் வேலை. குத்தியதற்குப் பதில் சொல்வது உன் வேலை."

சிலும்பன் அவளை உற்றுப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது மட்டும் நன்றாகவே தெரிந்தது. காலை இழுத்து இழுத்துக் கட்டையனிடம் போனான்.

"மெதுவா அண்ணே! ஐயோ, அது முள் இல்லை, என் மீசை!"

"ஆடாதேடா! எனக்குத்தான் கண் தெரியாதே!"

சொன்ன பிறகுதான் சிலும்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கட்டையன் விழுந்து விழுந்து சிரித்தது.

"இதை நேத்தே சொல்லியிருந்தா என் மூக்கு தப்பிச்சிருக்குமே! வா அண்ணே, வேலையைப் பார்ப்போம்!"

அப்புறம் நடந்த வேலை இருக்கிறதே! "கட்டையன் வர்றேன்!" "வா, பிடி!" என்று மண் பறந்தது. வரிசையில் தெரியாமல் நின்ற ஒரு கொக்கையும் மண்ணோடு கைமாற்றிக் கரையில் வைத்துத் தட்டிவிட்டார்கள். பாவம், அதைத் தோண்டி எடுக்க அரைமணி நேரம் ஆனது!

நான்காம் நாள் மாலை மழை கொட்டியது. தண்ணீர் கரையை முட்டியது, மோதியது, கடைசியில் அடங்கியது. ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. நீலவேணியின் குட்டிகள் நிறைந்த குளத்தில் குட்டிக்கரணம் போட்டன.

"அந்த முரடனை எப்படி அடக்கினாய்?" என்று குரங்கு கேட்டது.

"அடக்கவில்லை. அவன் பார்க்கும்படி எதிரே போய் நின்றேன், அவ்வளவுதான்" என்றாள் நீலவேணி.

முரண்டு பிடிக்கிறவரைத் துரத்துமுன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அவர் செய்த தவறை மட்டும் அவரையே தீர்க்கவைப்பவர்தான் நல்ல மேஸ்திரி.