முப்பதில் ஒரு பங்கு அப்பன்

ஒரு காலத்திலே வெண்ணெல்லூர் நாட்டைச் செங்கோடன் என்ற ராஜா ஆண்டான். நினைத்ததை நினைத்த நொடியில் செய்துவிடுகிற ஆள். ஒரு நாள் சபை நடுவே ராணியைக் கேலி பேசினான். ராணி ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பனார் நாட்டுக்கே போய்விட்டாள். பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள்: அரண்மனையிலிருந்து மாதாமாதம் நெல்லும் பொன்னும் போக வேண்டும், ராஜா மாதத்தில் ஒரு நாள் மகளைப் பார்க்கலாம்.

பொன் போவதைப் பற்றி ராஜா கவலைப்படவில்லை. தேர்த் திருவிழாவன்று மாடத்திலிருந்து பார்த்தான். தெரு முழுக்க அப்பன்மார். ஒவ்வொருவன் தோளிலும் பொரி மென்றுகொண்டு ஒரு பிள்ளை. ராஜாவுக்கு வயிறு எரிந்தது. சட்டி பானை செய்கிறவனுக்குக்கூடக் கிடைக்கிறது, எனக்கு இல்லையா!

பக்கத்தில் நின்ற தாண்டவராயர் ராஜாவின் முகம் பார்த்துப் பேசுகிற பிரதானி. "பிரபு, பிள்ளையைத் தோளில் சுமப்பது ராஜவீதிக்கு அழகில்லை. தடை போட்டுவிடலாம்" என்றார்.

மறுநாளே முரசு அறைந்தார்கள். பிள்ளையைத் தோளில் தூக்குகிற அப்பனுக்கு ஒரு பொன் அபராதம்.

பத்தே நாளில் மாட்டினான் உப்பு விற்கிற சடையாண்டி. மகளைத் தோளில் வைத்தபடியே சபைக்குள் வந்தான். அவள் அவன் குடுமியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். ராஜாவின் கண் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை.

"முரசு உன் காதில் விழவில்லையா?"

"விழுந்ததுங்க மகராசா. அபராதம் கட்டுறேன். ஆனா முப்பதில ஒரு பங்குதான்."

"பேரம் பேச இது சந்தையா?" என்று சீறினார் தாண்டவராயர்.

"பேரம் இல்லீங்க சாமி. அப்பனுக்குத்தானே அபராதம்? எனக்கும் என் பெண்சாதிக்கும் ஒத்துவரலை. பஞ்சாயத்துல வண்டியும் காளையும் அவளுக்குன்னு ஆச்சு, பிள்ளையும் அவகூடத்தான். மாசத்துல ஒரு நாள்தான் நான் அப்பன். மிச்ச நாளெல்லாம் வெறும் உப்பு விக்கிறவன். உப்பு விக்கிறவனுக்கு அபராதம் போடலியே?"

சபை குபீரென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"எனக்கும் மாதத்தில் ஒரு நாள்தான். நாற்பது யானை நிறையப் பரிசு கொண்டுபோகிறேன். என் மகள் தூணுக்குப் பின்னால் ஒளிகிறாள். உன் மகள் மட்டும் உன் தோளைவிட்டு ஏன் இறங்க மாட்டேன் என்கிறாள்? பதில் சொல், இல்லாவிட்டால் சவுக்கடி!"

"கொண்டுபோக எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே. வண்டிகூட இல்லை. அதான் தோள்ல வச்சேன். மகராசா, இந்த அபராதத்தை நீங்களே ஒரு தடவை கட்டிப் பாருங்க."

"ராஜா குனிவதா!" என்று பதறினார் தாண்டவராயர்.

அந்த மாதம் ராஜா யானையும் கிரீடமும் இல்லாமல் போனான். மகள் தூணை விடவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து காத்திருந்தான். உச்சி சாய்ந்த பிறகு அவள் மெல்ல வந்து முதுகில் ஏறி, "எழுந்திருங்க அப்பா" என்றாள். பொழுது சாயும்வரை தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு ராணி வாசலுக்கு வந்தாள்; மகளை இறக்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பியதும் தடை நீங்கியது. வீடு வீடாகப் போய் அபராதத்தைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை தாண்டவராயருக்கு. போன வீட்டிலெல்லாம் பிள்ளைகள் அவர் தோளில் ஏற அடம்பிடித்தார்கள்.

ராஜா சடையாண்டியை அழைத்து, "என்ன வேண்டுமோ கேள்" என்றான்.

"மாசத்துல இன்னொரு நாள் வேணும் மகராசா."

"அது என்னிடம் இல்லையப்பா. இருந்தால் முதலில் நான் எடுத்துக்கொண்டிருப்பேனே."

"அப்போ வண்டியோட ஓட்டமான காளையா ஒரு ஜோடி கொடுங்க. உப்பளத்திலேருந்து இங்கே அவ வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள உச்சி வேளை ஆயிடுது. காளை இருந்தா விடியறப்பவே வாசல்ல நிப்பேன். அந்த ஒரு நாள் கொஞ்சம் நீளும்."

தொழுவத்திலேயே வேகமான ஜோடியை ராஜா தன் கையால் அவிழ்த்து, ஒரு வண்டியில் பூட்டிக் கொடுத்தான். சடையாண்டி ஓட்டிப் போவதைப் பார்க்கப் பார்க்கப் பழைய பொறாமை எட்டிப் பார்த்தது. உடனே லாயக்காரனைக் கூப்பிட்டு, "நம் குதிரைகளில் எதுடா வேகமானது?" என்று கேட்டானாம்.