ஆறாம் நிரையில் செத்த கொடி

நகுலா என்கிற நகுலேஸ்வரியின் தோட்டம் சுவிஸ் நாட்டு மலைச்சரிவு ஒன்றில் இருக்கிறது. நானூறு திராட்சைக் கொடிகள். மண் என்று சொல்ல அங்கே அதிகம் இல்லை, எல்லாம் கல். அந்தக் கல்லிலிருந்து அவர் எடுக்கும் பினோ நுவார் என்ற சிவப்பு வைனைச் சுவைக்கச் சனிக்கிழமைகளில் ஆட்கள் மூச்சுவாங்க மலையேறி வருவார்கள்.

அவரிடம் தொழில் பழகும் அருமைநாயகம், வயதில் குருவை விடப் பன்னிரண்டு வருடம் மூத்தவர். ஊரில், உரும்பிராயில், கிணற்றுத் தண்ணீர் இறைத்து, மாட்டெரு போட்டு, திராட்சையைப் பந்தல் கொள்ளாமல் காய்க்க வைத்த மனிதர். வந்த முதல் வருடம் இந்தக் கல்லைப் பார்த்து மனசு பொறுக்கவில்லை. குருவுக்குத் தெரியாமல் ஒரு நிரை முழுவதற்கும் எரு வைத்துவிட்டார். பழம் கொழுகொழுவென்று வந்தது. வைன் சப்பென்று இருந்தது. நகுலா கோபிக்கவில்லை. அந்த வைனை எல்லாம் அவரிடமே கொடுத்து, "குடியுங்கோ அண்ணை" என்றார். பாவம், தை மாதம் வரைக்கும் குடித்தார்.

இது மூன்றாம் வருட ஆவணி. ஒவ்வொரு கொடியிலும் பாதிக் குலைகளை வெட்டிக் கீழே போடும் வேலை நடந்தது. மிச்சக் குலைகளுக்குச் சாரம் சேரட்டும் என்று. முதல் வருடம் இதே வேலையில் கண் கலங்கிய அருமைநாயகம் இப்போது தயங்காமல் வெட்டிக்கொண்டு போனார்.

"நேற்று மகன் போனிலை கதைச்சவன்," என்றார்.

"கௌசிகனோ? சுகமாய் இருக்கிறானோ?"

"வேலை பழகுற இடத்தை விட்டிட்டானாம். இது மூண்டாவது இடம். கொஞ்ச நாள் என்னோடை வந்து நிக்கட்டோ எண்டு கேட்டான்."

"என்ன சொன்னியள்?"

"வரவேண்டாம் எண்டிட்டன்." பாடம் ஒப்புவித்த பிள்ளையைப் போல நிமிர்ந்து நின்றார். "கல்லிலை கிடந்து கஷ்டப்பட்டால்தான் நல்ல பழம் வரும். நீங்கள் சொல்லித் தந்ததுதானே."

"நான் எப்ப சொன்னனான்?"

"சனிக்கிழமை வாற ஆக்களுக்கு. ஒவ்வொரு கிழமையும்."

நகுலாவின் கத்தரிக்கோல் நின்றது. உண்மைதான். வைனை ஊற்றிக் கொடுக்கும்போது அந்த வசனத்தைச் சொல்வார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள், ஒரு போத்தல் கூடுதலாக வாங்குவார்கள். பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டு நிற்கும் மனிதர் அதை மனசில் எழுதி வைப்பார் என்று நகுலா நினைக்கவேயில்லை. வெட்கமாக இருந்தது.

போய் அலவாங்கை எடுத்து வந்தார். ஆறாம் நிரையில் காய்ந்து நின்ற ஒரு சின்னக் கொடியின் அடியில் குத்திக் கல்லை நெம்பினார். கொடி கையோடு வந்தது. அதை அருமைநாயகத்திடம் நீட்டினார்.

வேர் ஒரு சாண்கூட இல்லை. கல்லில் முட்டி, மேலே திரும்பி, அப்படியே காய்ந்து போயிருந்தது.

"இது கஷ்டப்படேல்லையோ, அண்ணை?"

அருமைநாயகம் கொடியை வாங்கிப் பார்த்தார்.

"இதின்ரை வைன் எங்கை?"

"செத்துப் போச்சே. பிறகென்ன வைன்."

"ஓம். சனிக்கிழமை வாற ஆக்களுக்கு நான் இதைக் காட்டுறேல்லை."

பக்கத்தில் ஒரு இளங்கன்று நின்றது. வெயிலில் அதன் நுனி தொங்கியிருந்தது. நகுலா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அதன் அடியில் மெல்ல ஊற்றினார்.

அருமைநாயகம் திகைத்துப் போனார். "இதுகளுக்குத் தண்ணி விடுறியளோ?"

"சின்னனுகளுக்கு விடுவன். விடிய உங்கடை பஸ் வாறதுக்கு முதல் விட்டு முடிச்சிடுவன்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னால் நானூறுக்கும் இறைப்பியள்."

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கையில் இருந்த வேர் விடவில்லை.

"அப்ப, இதுக்கு?"

"ரெண்டு வருஷம் விட்டனான். இனிப் போதும், வேர் இறங்கியிருக்கும் எண்டு நானாய் நினைச்சு நிப்பாட்டினன். என்ரை பிழை."

அருமைநாயகம் அந்த வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேர் இறங்கிட்டுது எண்டு எப்பிடி அறியிறது?"

நகுலா இளங்கன்றின் வாடிய நுனியை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இறங்கின கொடி தண்ணி கேளாது, அண்ணை. செத்த கொடியும் கேளாது. உங்கடை மகன் நேற்று கேட்டவன்."